யன்னலில் கடல், யன்னலில் மதில்

ஒன்பது வருடமாக ஒரு மனிதருடன் சண்டை பிடித்திருக்கிறேன். அவ்வளவு காலமும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. சண்டை ஒரு கார்ட்டூன் தொடரைப் பற்றியது. இருபது வருடங்களுக்கு மேலாக ஓடும் குடும்பக் கதை. அதில் யாருக்கும் வயது போவதில்லை, ஒரு வாரம் எரிந்த வீடு அடுத்த வாரம் புதிதாக நிற்கும். தொடரின் நாலாம் பருவத்தில் பக்கத்து வீட்டுக்காரர் செத்துப்போகிறார். ஏழாம் பருவத்தில், ஒரு காட்சியின் பின்னால், பஸ் தரிப்பில் அதே தொப்பியோடு நிற்கிறார். படம் கீறியவர்களின் கவனக்குறைவு என்பது என் கட்சி. இல்லை, வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள், தொடர் செத்தவரை மறக்கவில்லை என்பது அந்த மனிதரின் கட்சி. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று இரண்டு பேருமே நின்றோம்.

எங்கள் இணையக் குழுவில் நாற்பது பேர் வரை இருந்தார்கள். கொழும்பு, யாழ்ப்பாணம், கனடா என்று. எல்லோருக்கும் புனைபெயர்தான், தொலைபேசி இலக்கம்கூட யாருக்கும் தெரியாது. என்னோடு சண்டை பிடிப்பவரும் என்னைப் போலத் திருகோணமலைதான் என்று நான் கண்டுபிடித்திருந்தேன். கப்பல் ஊதியதில் வசனம் கேட்கவில்லை என்று அவர் எழுதிய நேரத்தில் அதே ஊதல் என் காதிலும் விழுந்தது. நானும் இங்கேதான் என்று சொல்லவில்லை, பெண் என்றும் சொல்லவில்லை. ஊர் சின்னது, வாய் பெரிது.

அன்று காலை பத்து மணிக்குக் நான் வேலை செய்யும் கந்தோரில் தேநீர் குடித்தபடி கைப்பேசியைப் பார்த்தேன். குழுவில் அவர் எனக்கு எழுதியிருந்தார்: “நீங்கள் சொன்னதுதான் சரி. அது கீறினவையின்ர பிழைதான். செத்தவர் செத்தவர்தான். எல்லாருக்கும் நன்றி.” அதற்குக் கீழே, அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார் என்ற வரி.

ஒருவர் எனக்கு வாழ்த்துச் சொன்னார். இன்னொருவர் கைதட்டும் படம் போட்டார். நான் தேநீரைக் கீழே வைத்தேன். ஒன்பது வருடத்தில் ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர். இரண்டு மாதத்துக்கு முன் தன் அம்மா இறந்துவிட்டதை ஒரே வரியில் எழுதியிருந்தார். நான் அனுதாபம் சொல்லிவிட்டு அதே மூச்சில் ஏழாம் பருவத்துக்குப் போனேன். அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவர் சாகப்போகிறார், கண்டுபிடியுங்கள் என்று குழுவில் எழுதினேன். பொலிசுக்குப் போகலாம்தான். என்ன சொல்வது? பெயர் இல்லை, விலாசம் இல்லை, கார்ட்டூன் பார்ப்பவர் என்றா? தொடரில் பிழை தேடுவது போலவே அவருடைய பழைய பதிவுகளைத் தேடினோம். அந்த வேலையில் எங்களை அடிக்க ஆளில்லை. பத்து நிமிடத்தில் மூன்று விடயங்கள் கிடைத்தன. கீழ்த்தளத்தில் படகு எஞ்சின் திருத்துவதால் அவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் தொடரைப் பார்ப்பார். தொடக்கத்தில், யன்னலால் கப்பல்கள் தெரிகின்றன என்று எழுதியிருந்தார். போன வருடம், யன்னலைத் திறந்தால் மதில்தான் என்று எழுதியிருந்தார்.

உடனே தொடங்கிவிட்டார்கள். “முரண் இருக்கு. ஆள் கதை விட்டிருக்கிறார்.” “வீடு மாறியிருப்பார்.” “மாறினால் எஞ்சின் கடையும் கூடவே மாறினதோ?” ஒரு உயிர் போகப்போகிறது, இவர்கள் இலக்கம் போட்டு வாதாடினார்கள். கெட்ட வார்த்தை ஒன்று எழுதி அழித்தேன். வேறு நாளென்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

தொடரில் யன்னல் மாறினால் எழுதியவர் மறந்துவிட்டார் என்று அர்த்தம். ஊரில் மாறினால்? யாரோ முன்னால் எதையோ கட்டிவிட்டார்கள். கரையோர வீதியில் எஞ்சின் கடை ஒன்றின் கடல்பக்கத்தில் போன வருடம் மீனுக்கான ஐஸ் களஞ்சியம் ஒன்று எழும்பியிருந்தது. அந்தச் சிமெந்துத் தூசியைத் திட்டியபடி ஆறு மாதம் கந்தோருக்கு நடந்தவள் நான்.

கைப்பையைக்கூட எடுக்காமல் இறங்கினேன். ஓட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை, ஓடினேன். சேலையோடு ஓடுகிறவளை மீன் லொறிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிழையான வீடாக இருந்துவிடக் கூடாது என்று வேண்டினேன். சரியான வீடாக இருந்து, நான் பிந்திவிடவும் கூடாது.

கடையில் கிறீஸ் பூசிய கையோடு ஒருவர் குந்தியிருந்தார். “மேல ஆர் இருக்கினம்?” என்றேன்.

“ஒரு சேர், தனி ஆள். ரெண்டு நாளா இறங்கேல்லை.”

படிகளில் இரண்டு தரம் தடுக்கினேன். கதவைத் தட்டினேன். மறுபடி தட்டினேன். பிறகு என்னை அறியாமல், “ஏழாம் பருவம்! பஸ் தரிப்பு!” என்று கத்தினேன்.

உள்ளே பூட்டில் திறப்பு திரும்பியது. ஐம்பது வயதிருக்கும். முகம் மழித்து, பயணம் புறப்படுகிறவர் போல அயன் பண்ணிய சேட்டுப் போட்டிருந்தார். அந்தச் சேட்டைப் பார்த்ததும் பயம் இரட்டிப்பானது.

“ஆர் நீங்கள்?”

“உங்களோட ஒம்பது வருசமாச் சண்டை பிடிக்கிற ஆள்.”

“ஆம்பிளை எண்டல்லோ நினைச்சனான்,” என்றார்.

சுற்றி வளைத்துக் கேட்க எனக்குத் தெரியாது. “சாகப் போறீங்களோ?”

“ஓம்,” என்றார், படிவத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போல, மரியாதையாக.

கதவைச் சாத்த முடியாதபடி வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். “நான் போகமாட்டன். உங்களுக்கு ஆர் இருக்கினம்?”

“அக்கா, புல்மோட்டையில. அவவுக்கு இதைச் சொல்ல ஏலாது.”

“நான் சொல்லுறன். நம்பரைத் தாங்கோ.”

ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். அவசரத்தில் இரண்டு முறை பிழையாக அழுத்தினேன். மூன்றாவது முறை ஒரு பெண் குரல், “ஆர் கதைக்கிறது?” என்றது.

“உங்கட தம்பி வீட்டில இருந்து...”

“எந்தத் தம்பி?”

வாயைத் திறந்தேன். சொல்ல என்னிடம் பெயர் இல்லை. ஒன்பது வருடம், ஒரு நாளும் கேட்கவில்லை. கைப்பேசிக்குள் அந்தக் குரல், “எந்தத் தம்பிக்கு என்ன?” என்று உயர்ந்தது. நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் குனிந்து என் கையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

“அக்கா, நான்தான்,” என்றார். “ஒருக்கா வாங்கோ.”