வட்டத்துக்குள் ஒரு கல்

என் மச்சானைக் கொழும்பு முகாமுக்குப் போகவிடாமல் செய்தவன் நான். அதை மறைக்க மூன்று விரலை உயர்த்திச் சத்தியம் செய்து பொய்யும் சொன்னேன். அறுபது வருடத்துக்கு மேலாக நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் இது.

மச்சான் என்றால் மாமியின் மகன், அப்பாவின் அக்காவின் பிள்ளை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அவனுக்குப் பதின்மூன்று. உடுவிலில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். இருவரும் பள்ளிக்கூடத்துச் சாரணர் படையில் இருந்தோம். கொழும்பில் ஏழு நாள் நடக்கவிருந்த பெரிய முகாமுக்கு எங்கள் படையிலிருந்து ஒருவன்தான் போகலாம். அந்த ஒருவனைத் தெரிவு செய்வதற்காகவே படையை நடத்திய மாஸ்ரர் பனங்கூடல் ஒன்றில் மூன்று நாள் முகாம் போட்டார்.

முந்தின இரவே அங்கே போய்ப் படுத்திருந்தோம்; முதல் நாள் விடியவே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. நாங்கள் கண் விழித்தபோது மச்சான் கிணற்றடியில் தன் படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தான். துவைத்ததை வேலியில் விரித்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் வந்து வரிசையில் நின்றான். மாஸ்ரர் அந்த வெள்ளை விரிப்பைக் கோயில் கொடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“பாருங்கோடா! ஒருத்தரும் சொல்லாமல் விடிய எழும்பித் தோய்ச்சுப் போட்டிருக்கிறான். இவன் சாரணன். நீங்கள் எல்லாம் எருமையள்!”

சுத்தத்துக்கு ஐந்து புள்ளி. இரண்டாம் நாளும் அதே கிணறு, அதே விரிப்பு, அதே ஐந்து புள்ளி. என் விரிப்பில் நெற்றியில் பூசிய திருநீறும் நான் களவாகத் தின்ற பனங்கட்டியும் ஒட்டிக்கிடந்தன. வீட்டில் ஒரு நாளும் ஒரு கோப்பை கழுவாதவன் இங்கே வந்து நடிக்கிறான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இரண்டாம் நாள் முற்பகல் தடம் பார்த்து நடக்கும் போட்டி. எங்கள் அணி ஆறு பேரும் முன்னே போய் ஊர்ச் சந்து ஒழுங்கைகளில் கற்களால் குறி வைக்க வேண்டும். மச்சானின் அணி ஆறு பேரும் அந்தக் குறிகளைப் பார்த்துப் பின்னே வந்து, மதியச் சோற்றுக்கு முகாமுக்குத் திரும்ப வேண்டும். அம்புக்குறி போட்டால் இந்தப் பக்கம் போ. இரண்டு தடி குறுக்கே கிடந்தால் போகாதே. சிறு கற்களால் ஒரு வட்டமும் நடுவில் ஒரு கல்லும் இருந்தால், ‘ஆட்டம் முடிந்தது, நான் வீட்டுக்குப் போய்விட்டேன்’ என்று அர்த்தம். முகாம் கலையும்போதுதான் அந்தக் கடைசிக் குறியை வைப்பார்கள்.

குறி வைக்கும் பொறுப்பு எனக்கு. மற்ற ஐந்து பேரும் முன்னே நடந்துவிட்டார்கள். மாமி வீட்டுக்குத் திரும்பும் முடக்கில் நான் குந்தியிருந்து, அம்புக்குறி வைக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் போட்டு நடுவில் ஒரு வெள்ளைக்கல்லை வைத்தேன். அவர்கள் குழம்பிப்போய்க் கொஞ்ச நேரம் பிந்தி வருவார்கள், புள்ளி குறையும். என் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் சாரணன் குறியை மீறக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஆறு பேரும் உண்மையாகவே வீட்டுக்குப் போய்விட்டார்கள். மச்சான் மாமியின் குத்தரிசிச் சோறும் கணவாய்க் கறியும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான். உள்ளூர்க்காரர் நான்கு பேரும் தங்கள் தங்கள் வீடுகளில். ஆறாவது ஆள் மீன்பிடி ஊரான குருநகரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன். அவன் சட்டத்தில் இன்னும் உறுதியானவன். பஸ் ஏறிக் குருநகருக்கே போய்விட்டான்.

முகாமில் பன்னிரண்டு பேருக்கு ஆக்கிய சோற்றை ஆறு பேர் தின்று தீர்த்தோம். மாஸ்ரர் ஒவ்வொரு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினார். தேடப் போகிற சாட்டில் நான் முடக்குக்கு ஓடி, வட்டத்தைக் கலைத்து, அதே கற்களை அம்பாக அடுக்கிவிட்டு வந்தேன்.

பின்னேரம் எல்லோரும் பிடிபட்டார்கள். குருநகர்ப் பையனை அவனுடைய தாய் காதைப் பிடித்துக் கூட்டிவந்தாள். மறு கையில் ஒரு பை நிறைய மீன்.

“சேர், இவன் என்ன பிழை விட்டாலும் அடியுங்கோ, ஆனா பள்ளிக்கூடத்தாலை கலைச்சுப் போடாதையுங்கோ. இந்தாங்கோ, விளைமீன்.”

“நான் கலைக்கேல்லையம்மா! இவன்தான் போனவன்!”

“வட்டம் கிடந்தது சேர்,” என்று அவன் அழுதான்.

மாஸ்ரர் எல்லோரையும் முடக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே அழகான அம்புக்குறி கிடந்தது. மாஸ்ரர் என் பக்கம் திரும்பினார்.

“சத்தியமாச் சொல்லு. நீ என்ன குறி வைச்சனி?”

நான் சாரணர் சத்தியத்துக்குரிய மூன்று விரலை உயர்த்தினேன். “அம்புக்குறி சேர்.”

ஆறு பேரும் சோற்று ஆசையில் கூடிப்பேசி ஓடியதாக மாஸ்ரர் முடிவு கட்டினார். குருநகர்ப் பையனுக்கு அந்த இடத்திலேயே தாயிடம் இரண்டு அடி விழுந்தது. மச்சான் மட்டும் வாதாடவில்லை. நிலத்தைப் பார்த்தபடி கழுத்துப்பட்டியைக் கழற்றிக் கொடுத்தான். அந்த முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கொழும்புக்கு நான் போனேன். ஏழு நாளும் மழை.

போன மாதம் என் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் சாகச முகாம் நடத்தினார்கள். தலைக்கவசம் போட்டுக் கயிற்றில் தொங்குகிற முகாம். பழைய சாரணர் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கனடாவிலிருந்து வந்து நின்ற மச்சானையும் கூட்டிப்போனேன். பிள்ளைகளுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். கொழும்பு முகாமில் எனக்குத் தந்த சின்னத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மச்சானின் கையில் வைத்து, “இது உன்ரை, மச்சான். என்னை மன்னிச்சுக்கொள்,” என்றேன். சில ஆசிரியைகள் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு சிறுமி மட்டும் எழும்பி, “அந்த மீனை ஆர் சாப்பிட்டது?” என்று கேட்டாள். நாங்கள்தான் என்று அதையும் ஒப்புக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் மச்சான் அந்தச் சின்னத்தை என் மடியில் போட்டான்.

“விசரா, நீ வட்டம் வைக்கேக்கை நான் பெடியளுக்கு முன்னாலை ஓடிவந்து வேலிக்குப் பின்னாலை நிண்டனான். குறி சொன்னாப் போகத்தான் வேணும் எண்டு பெடியளை வீட்டுக்குக் கலைச்சதும் நான்தான்.”

“ஏன்டா?”

அவன் ஓட்டோக்காரனின் முதுகைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “கொழும்பிலை ஏழு நாள், ஒரு கூடாரத்துக்கை எட்டுப் பேர். எனக்குப் பதினாலு வயசு வரைக்கும் படுக்கையிலை மூத்திரம் போறது. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அந்த முகாமிலையும் ரெண்டு நாளும் விடிய விரிப்பைத் தோய்ச்சனான். நீ என்ன, சுத்தத்துக்கு எண்டே நினைச்சனி?”

பிறகு சொன்னான்: “கொழும்புக்குப் போகப் பயந்தது அதுக்குத்தான். நீ விரலைத் தூக்கினவுடனை எனக்கு அப்பாடா எண்டிருந்தது. குருநகர்க்காரன் அடி வாங்கினதைத்தான் நான் இப்பவும் நினைக்கிறனான். அவனட்டை ரெண்டு பேருமாப் போவமே?”

நாளை போகிறோம். அவன் இருக்கிறானோ தெரியாது. இருந்தால் மீன் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்கிறான் மச்சான்.

எனக்கோ கண்ணை மூடினால் அந்த முகாம் வேலிதான் தெரிகிறது. நடு இரவில் ஈரத்தில் விழித்து, பிறகு நித்திரை கொள்ளாமல் கிடந்து, மற்றவர்கள் எழும்புமுன் இருட்டில் கிணற்றடிக்கு ஓடிய ஒரு பையனின் ஈர விரிப்பு அதில் காய்கிறது. ஐந்து புள்ளிக்காக விரித்தது என்று நினைத்து, அதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டுக்கொண்டு நிற்கிறேன்.