வால் நட்சத்திரத்துக்காக நிறுத்திய லிஃப்ட்

மேற்கே வால் நட்சத்திரம் வந்திருக்கிறதாம். யார் பார்த்தது என்று கேட்டால்தான் கதை நீளும். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை செய்யும் லிஃப்ட்காரர் மனைவிக்கு வார்டு நர்ஸ் சொன்னாள். நர்ஸுக்கு அவள் கொழுந்தன் சொன்னான். கொழுந்தன், ஊருக்கு வெளியே வண்டி மக்கர் செய்து நின்றபோது பார்த்தானாம். சூரியன் மறைந்த கையோடு, விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கீற்று.

"எனக்கு அந்த நேரத்துல ஷிஃப்டு. அங்க ஜன்னல்கூட கிடையாது. நீங்களாவது ஒரு படம் எடுத்து வைங்க," என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர். காலையில் அவர் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவர் திரும்பும்போது அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். வாசலில் சாவி கைமாறும், கூடவே இரண்டு வார்த்தை. அவ்வளவுதான் குடித்தனம். அதிலும் ஒரு வார்த்தை குத்தலாக இருக்கும். "ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் உங்க பேச்சைக் கேக்குது, நம்ம வீட்டுக் குழாய் மட்டும் கேக்க மாட்டேங்குது" என்பாள். ஆனால் தனக்கென்று இது வேண்டும், அது வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. இப்போதுதான் கேட்டிருக்கிறாள். இதையும் கோட்டை விட்டால் அப்புறம் அவள் எதையுமே கேட்கமாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது.

மேல்மாடியில்தான் வீடு. அதற்கு மேலே மொட்டை மாடியும் லிஃப்ட் மோட்டார் அறையும். அவருடைய கேமரா பழையது, யாரோ பயன்படுத்தித் தள்ளிவிட்டது. லென்ஸ் ஆடும்; டேப் சுற்றியிருந்தார். ஸ்டாண்டுக்கு ஒரு கால் நொண்டி என்பதால், சோப்புத்தூள் பாக்கெட்டைக் கைப்பிடிச்சுவர் மேல் வைத்து அதில் கேமராவை அமுக்கி உட்காரவைப்பார்.

இந்த நகரத்து வானம் கழுவாத டீ கிளாஸ் மாதிரி. தெருவிளக்கும் எதிர்க்கட்டட விளம்பரப் பலகையும் சேர்ந்து, இருட்டை அண்டவே விடாது. கேமராவின் கண்ணைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்துவைத்தால் படம் முழுக்க ஆரஞ்சு நிறம் வழியும். அதனால் சின்னச் சின்னதாக நிறையப் படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், வெளிச்சத்துக்கு அடியில் இருப்பது மெல்ல மேலே வரும் என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

அப்படியும் எடுத்த படத்திலெல்லாம் ஒவ்வொரு நட்சத்திரப் புள்ளியும் இரண்டாகத் தெரிந்தது. கேமராவைத் திட்டினார். தன் கையைத் திட்டினார். ஒரு மாலை சும்மா சுவர்மேல் உள்ளங்கையை வைத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. எல்லோரும் வேலை விட்டு வரும் நேரம். லிஃப்ட் ஓயாமல் ஏறி இறங்குகிறது. மோட்டாரின் நடுக்கம் சுவரில் ஓடுகிறது. பிழைப்பு முழுக்க அதோடுதான், அதுவே உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு மேகம் மூடிக்கொண்டது. இன்று விலகியிருந்தது. நாளை முதல் வால் நட்சத்திரம் சூரியனின் பிரகாசத்துக்குள் போய்விடும் என்றார்கள். இன்று விட்டால் விட்டதுதான்.

அதனால் இதுவரை செய்யாததைச் செய்தார். கோளாறே இல்லாத லிஃப்டை நிறுத்தினார். "வேலை நடக்கிறது, படியில் செல்லவும்" என்ற பலகையைக் கீழே மாட்டினார். மனைவிக்கு மூட்டு தேய்ந்துவிட்டது, படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அவள் வர நடுராத்திரி ஆகும், அதற்குள் ஓடவிட்டுவிடலாம். மூன்றாம் மாடி டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டே, இன்றைக்குத்தான் வேலை பார்க்க வேண்டுமா என்று கேட்டதற்கு, கயிறு விஷயம், ஒத்திப்போட முடியாது என்று சமாளித்தார். போன் அடித்துக் கவனம் சிதறக் கூடாதென்று அதை மோட்டார் அறையிலேயே வைத்துவிட்டு வந்தார்.

சுவர் அசையாமல் கிடந்தது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கேமராத் திரையில், இரண்டு ஆன்டெனாக்களுக்கு நடுவே, விரலால் அழித்தும் அழியாத சாக்பீஸ் கறை போல ஒன்று இருந்தது. வாலும் இருந்தது. புள்ளிகள் ஒற்றையாக இருந்தன. அவருக்குப் பெரிதாக சந்தோஷமெல்லாம் வரவில்லை. கூட்டமான பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது போல இருந்தது. அது எதிர்க்கட்டடத்துக்குப் பின்னால் இறங்கும்வரை எடுத்துக்கொண்டே இருந்தார்.

லிஃப்டை ஓடவிட்டுப் போனை எடுத்தால், மனைவி மூன்று முறை கூப்பிட்டிருந்தாள். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. பலகையைக் கழற்றக் கீழே இறங்கியவரை வாட்ச்மேன் நிறுத்தினான்.

"அண்ணே, அக்கா வந்தாங்க. ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டாங்களாம், ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம்னு."

"எப்ப?"

"சூரியன் எறங்கின நேரம். லிஃப்ட்காரர் பொண்டாட்டிக்கே லிஃப்ட் இல்லையான்னு நான்கூட விளையாட்டா கேட்டேன். அவங்க சிரிக்கல. உங்களுக்குப் போன் போட்டுப் பாத்தாங்க. முதல் மாடி வரைக்கும் ஏறிட்டு, அங்கயே படியில உக்காந்துட்டாங்க. நான் கேட்டை விட்டுட்டு மேல வர முடியலண்ணே."

"ஏதாவது சொன்னாளா?"

"படம் நல்லா வந்துச்சான்னு அவரைக் கேட்டேன்னு சொல்லுன்னாங்க. சொல்லிட்டுத் திரும்ப வேலைக்கே போயிட்டாங்க."

அவர் அங்கேயே நின்று அவளுக்குப் போன் போட்டார். மணி போயிற்று. துவைக்கும் மெஷின் இரைச்சலில் கேட்காது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் எந்த இரைச்சலிலும் அவர் போனை அவள் எடுத்துவிடுவாள். லிஃப்ட் வந்து கதவைத் திறந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டது. அவர் மறுபடியும் போட்டார். வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மணி போய்க்கொண்டே இருந்தது.