விசிறி ஓணானும் தூளிக் காவலும்

"படிச்சு என்னடி புதுசாக் கண்ட?" என்று சின்னாத்தா கேட்டாள். குனிந்து களைவெட்டிக்கொண்டே கேட்டதால் என் முகம் போன போக்கு அவளுக்குத் தெரியவில்லை.

என் சித்தப்பாவின் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவளுடைய மூத்த மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் அன்று கடலைக் கொல்லைக்குப் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்புத் தேறிய ஒரே ஆள் நான். ஆண்களையும் சேர்த்தே சொல்கிறேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. ஆனால் என்னோடு அது நின்றுவிடக் கூடாது என்றிருந்தது.

"இவள அனுப்பிட்டா தூளில கெடக்குற தம்பிக்கு யாரு காவலு?" என்றாள் அடுத்து.

காவல் என்றால் ஓணானிடமிருந்து. அன்னவாசல் பக்கம் எங்கள் கடலைக் கொல்லையைச் சுற்றிலும் சூரைமுள்ளும் காரைமுள்ளும் மண்டிய சரளைக்காடு. அங்கே ஒரு சின்ன ஓணான் உண்டு. மரம் ஏறாது. சரளைக்கல்லின் நிறம். விரட்டினால் பின்னங்கால்களில் நிமிர்ந்து ஓடும். வெயில் ஏறியதும் ஆண் ஓணான் ஒரு கல்லின் மேல் நின்று தொண்டைத் தோலை விசிறிபோல விரிக்கும். வெள்ளைத் தோலில் நீலக் கீற்று, ஓரத்தில் செம்புள்ளிகள். என் பாடப் புத்தகத்தில் அது இல்லை, சிங்கம்தான் இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கோ சந்தேகமே கிடையாது. தூளியில் தூங்கும் பிள்ளையின் ரத்தத்தை நின்ற இடத்திலிருந்தே உறிஞ்சுகிறது, அதனால்தான் தொண்டையில் சிவப்பு என்பார்கள். ஆகவே வேலமரத்தில் தூளி கட்டினால் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை குச்சியோடு உட்கார்ந்தாக வேண்டும். ஏழு வயதில் என் தங்கைக்கு, சின்னாத்தாவின் அந்த மூத்த மகளுக்கு, அதுதான் வேலை.

"ரத்தம் குடிக்குதுன்னா தூளி இருக்க பக்கந்தான திரும்பணும்? அவுத்து அங்கிட்டு வேம்புல கட்டுங்க சின்னாத்தா. பாப்போம்."

துணிந்து சொல்லிவிட்டேனே தவிர, அது திரும்பிவிட்டால் என் பேச்சு அதோடு முடிந்தது என்று எனக்குத் தெரியும். தூளியை மாற்றிக் கட்டினோம். மூன்று பேரும் சூரைப்புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம்.

"அது என்னயப் பாத்துத் தலையாட்டும்க்கா," என்றாள் தங்கை.

"வாய மூடு."

ஓணான் வந்து அதே கல்லில் ஏறியது. வேம்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காரைப்புதரைப் பார்த்தே விசிறியை விரித்தது, மடித்தது, மறுபடி விரித்தது. புதரடியில் விசிறி இல்லாத ஒன்று நின்றிருந்தது. பெட்டை. அது ஒரு எறும்பைப் பிடித்துத் தின்றுவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்விட்டது.

சின்னாத்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். "அட கூறுகெட்டவனே, பொண்ணு பாக்கவா வந்த! ஒங்க சித்தப்பாவும் இப்பிடித்தான்டி. தேருக்கு வந்த எடத்துல துண்ட ஒதறி ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு நின்னாரு. நான் திரும்பியே பாக்கல."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, கட்டி வச்சுட்டாக."

சிரித்து முடித்ததும் மகளின் கையிலிருந்த குச்சியை வாங்கி ஓரமாகப் போட்டாள்.

"தம்பி அழுதா எனக்குக் கேக்காதா? இங்கதான களைவெட்டுறேன்," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "சேக்கப் போனா வாத்தியாரு என்னென்ன கேப்பாரு?" என்றாள்.

அவர் எல்லாம் கேட்டாயிற்று என்றேன். காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய், தங்கையின் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் கொல்லைக்கு வந்திருந்தேன்.