கீச்சுச் சத்தம் எங்கே போனது?

பாகான் டாலாம் ஊர்க் குணவதி பள்ளி வேன் ஓட்டுகிறவள். எதையும் சும்மா விடத் தெரியாத மனுஷி. ஊசி போட வந்த நர்ஸிடமே, மருந்து உள்ளே போய் எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

அந்த வாரம் முழுக்க வேனின் முன்பக்க இடது சக்கரம், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சிட்டது. பள்ளி வாசலில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் அதே குரலில் கத்திக் கிண்டல் செய்தார்கள். சனிக்கிழமை பட்டறையில் காட்டலாம் என்றிருந்தாள். வியாழக்கிழமை சத்தம் தானாகவே நின்றுவிட்டது.

வேறு யாராவது என்றால் விட்டது சனியன் என்று போயிருப்பார்கள். குணவதிக்கு மனசு ஆறவில்லை. தானாகப் போகிற சத்தமா அது?

மறுநாள் பிள்ளைகளோடு வரும்போது சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தாள். வேன் நேராக நிற்காமல் வலப்பக்கம் இழுத்தது. பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான். கூடவே ஒரு வாசம், அசல் பணியாரக் கல் வாசம்! ஊர்ந்து ஊர்ந்துதான் பிள்ளைகளை வீடு சேர்த்தாள்.

சனிக்கிழமை காலை ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் கட்டை தேய்ந்து, ஓரத்திலிருந்த சின்னத் தகடு இரும்பு வட்டில் முட்டிக்கொண்டிருந்தது. வட்டு பளபளவென்று மின்னியது. தொட்டாள், விரல் வழுக்கியது. மோந்து பார்த்தாள். அட, தேங்காய் எண்ணெய்!

தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு வந்த புருஷன் நல்லமுத்து சிரித்தார். "நான்தான் ரெண்டு சொட்டு விட்டேன். புள்ளைங்க கிண்டல் பண்ணுதுன்னு சொன்னியே, ஒனக்கு வெக்கமா இருக்குமேன்னு..."

"ஏங்க, நான் தேஞ்சிட்டேன், என்னை மாத்துன்னு அந்தத் தகடு கத்துது. நீங்க அது வாயைப் பொத்திட்டீங்க! உரசினாத்தானே வண்டி நிக்கும்? உள்ள புள்ளைங்க இருந்தாங்கங்க!" அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

புதுக் கட்டை திங்கட்கிழமைதான் வரும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். "புள்ளைங்களைப் பெத்தவங்ககிட்ட டயர் பஞ்சர்னு சொல்லிடு," என்றார் நல்லமுத்து. குணவதி கேட்கவில்லை. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் உள்ளதை உள்ளபடி போட்டாள்: பிரேக்கில் எண்ணெய், சரியாகும்வரை வேன் வராது.

முதல் ஆளாக இம்ரானின் அம்மா லைலா கேட்டாள்: "அப்போ என் மவன் எத்தனை நாளு அந்த பிரேக்கோட வந்தான்க்கா?"

குணவதி எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். இந்தக் கேள்விக்குப் பிறகு யார் பிள்ளையை அனுப்புவார்கள்?

நல்லமுத்து போனை வாங்கிக் குரல்பதிவாகப் பேசி அனுப்பினார்: "ரெண்டு நாளும்மா. எண்ணெய் விட்டது நான். அவளுக்குத் தெரியாது. கண்டுபிடிச்சதே அவதான்."

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லைலாவின் பதில் வந்தது.

"வேன் வர்ற வரைக்கும் நானே கொண்டுபோய் விட்டுக்கிறேன்க்கா. ஆனா அண்ணே மட்டும் இனிமே அந்த வேன் பக்கம் வரவே கூடாதுலா."