அவர் பெயரில் ஒரு சூதாட்டப் பக்கம்

அந்தக் கணினித் திரை இன்றைக்கும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மேலே அக்காவின் கணவருடைய பெயர். கீழே சுழலும் சூதாட்டச் சக்கரம், பக்கத்தில் அரைகுறை உடுப்போடு கண்ணடிக்கும் ஒருத்தி.

அக்கா எனக்கு உறவில்லை. கொள்ளுப்பிட்டியில் நான் வேலை பார்த்த கம்பனியில் பக்கத்து மேசைக்காரி. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவார். வியாபார நிறுவனங்களின் விபரங்களைத் திரட்டி விற்பதுதான் கம்பனியின் தொழில். ஒவ்வொரு நிறுவனத்தின் இணைய முகவரியையும் திறந்து பார்த்து, செயலற்றுப் போனதைக் கழிப்பது எங்கள் வேலை. அக்காவின் கணவர் வெள்ளவத்தையில் தன் பெயரிலேயே திரைச்சீலைக் கடை வைத்திருந்தவர். அவர் மாரடைப்பில் போனதும் கடையை மூடினார்கள். செத்த வீட்டில் இணைய முகவரியைப் புதுப்பிக்க யாருக்கு ஞாபகம் வரும்? கேட்பாரற்றுக் கிடந்ததை எவனோ ஒரு சூதாட்டக்காரன் வாங்கிப் போட்டுவிட்டான். ஒரு காலையில் அது அக்காவின் திரையிலேயே வந்து திறந்தது.

அக்கா அழவில்லை. 'இயங்கவில்லை' என்று குறித்துவிட்டு முகம் கழுவப் போனார். திரும்பி வருவதற்குள் எங்கள் மனேஜர் அதை 'இயங்குகிறது' என்று மாற்றிவிட்டார். இயங்கும் நிறுவனங்கள் கூடுதலாகத் தெரிந்தால்தானே அவருக்கு மேலிடத்தில் மதிப்பு! அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிடும்படி அக்கா கெஞ்சினார். யாரிடமும் எதற்கும் கெஞ்சாத மனுஷி.

"பக்கம் திறக்குதுதானே மிஸ்? அப்ப கடை நடக்குது. மூடினதுக்கு ஆதாரம் கொண்டு வாங்கோ."

மறுநாள் அக்கா மரணச் சான்றிதழைக் கொண்டுவந்தார். அந்த மனிதன் தேநீரைக் குடித்தபடி அதை நிதானமாக வாசித்தான். ஆள் இறந்ததாகத்தான் இதில் இருக்கிறது, கடை மூடியதாக இல்லையே என்றான். இதற்கு மேல் அவனுக்கு 'அவர்' போட எனக்கு மனம் வரவில்லை. சீ! அக்கா தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். அந்த மாதமே வேலையை விட்டார். பிறகு நானும் விலகினேன்.

போன மாதம் கொட்டாஞ்சேனைக்கு அவரைப் பார்க்கப் போனேன். கடைக்குக் கொடுத்திருந்தது வீட்டு டெலிபோன் நம்பர்தானாம். அதே கம்பனியிலிருந்து யாரோ ஒரு பெண் விபரம் சரிபார்க்க எடுத்து, முதலாளி இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறாள். அக்கா சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"இருக்கிறார், ஆனா கதைக்க மாட்டார் எண்டன். தேங்க்யூ எண்டு சொல்லி வச்சிட்டாள்."

அந்தக் கம்பனியின் விபரங்களை இப்போது யாரும் இணையத்தில் பார்க்கலாம். வீட்டுக்கு வந்து தேடினேன். அக்காவின் கணவருடைய பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: உரிமையாளரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யப்பட்டது.