விக்க ஏலாத மண்டையோடு

மண்டையோடு விக்கிற தொழிலிலை சட்டத்தையும் சமாளிக்கலாம், நாத்தத்தையும் சமாளிக்கலாம், வீட்டிலை இருக்கிற மனுசியைச் சமாளிக்கிறதுதான் பெரும்பாடு. றோட்டோரம் செத்த நரியைக் கண்டால் வாகனத்தை நிப்பாட்டிற ஆள் நீங்களும் எண்டால், நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

நான் கிழமை நாளிலை பார்சல் வான் ஓடுறன், ஞாயிறிலை சந்தையிலை நரி, மான், முயல் தலையள் விக்கிறன். எல்லாம் தானாச் செத்தது, இல்லாட்டி வாகனத்திலை அடிபட்டது. முதல்முதல் ஒரு நரித்தலையைக் கழுவிப்போட்டு மூக்குக்குள்ளை எட்டிப் பாத்தன். கடதாசியைச் சுருட்டி அடுக்கினது போலை அவ்வளவு மெல்லிய எலும்பு. நரி மணம் பிடிக்கிறது அதாலைதானாம். வேலைக்குப் போற வானை வாசலிலை விட்டுப்போட்டு அரை மணித்தியாலம் அதையே பாத்துக்கொண்டிருந்தன். அண்டையிலை இருந்து பிடிச்ச பைத்தியம்தான்.

மனுசி வசந்தா பல் டொக்டரிட்டை நேர்ஸ். ஸ்ட்ரெதமிலை எங்கடை வீட்டுச் சின்ன அறையிலைதான் என்ரை சாமானெல்லாம். போன வருஷம் அவ தவணை போட்டிட்டா: தைப்பொங்கலுக்கு முதல் ஒரு தலையும் வீட்டிலை இருக்கக்கூடாது. லண்டன் வாடகைக்கு வேறை இடம் எடுக்க என்னாலை ஏலாது. அறை போனால் தொழிலும் போச்சு.

மஞ்சள் நரியள்

ஒரு வெள்ளிக்கிழமை ஆறு நரித்தலையை நல்லா வெளுக்க வைச்சு, பல்கனியிலை காயப் போட்டிட்டு வேலைக்குப் போனன். வந்து பாத்தால் ஆறும் புள்ளி புள்ளியா மஞ்சள். செத்ததுகளாலை வீடெல்லாம் துடக்கு, தீட்டு எண்டு வசந்தா மஞ்சள் தண்ணி தெளிச்சிருக்கிறா. எலும்பு மஞ்சளைக் குடிச்சால் பிறகு விடாது. தேய்ச்சன், ஊற வைச்சன், ஒண்டும் நடக்கேல்லை. கோவம் வந்ததுதான், ஆனால் அவவின்ரை முகத்தைப் பாத்திட்டுத் தலையளை எடுத்துப் பெட்டியிலை அடுக்கினன்.

வேறை சரக்கில்லாமல் ஞாயிறு அதுகளையே கொண்டு போனன். பச்சைத் தலைமயிரோடை ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வந்து, இதென்ன நிறம் எண்டு கேட்டா. செத்ததுகளின்ரை தீட்டுக் கழிய மனுசி தெளிச்ச மஞ்சள் எண்டு உள்ளதைச் சொன்னன். ஒவ்வொண்டாக் கையிலை எடுத்துத் திருப்பிப் பாத்தா. பிறகு ஆறுக்குள்ளையும் ஆக மஞ்சளானதைத் தெரிஞ்செடுத்தா. "செத்த நரிக்காக ஒருத்தர் இவ்வளவு செய்திருக்கிறா எண்டால், எனக்கு இதுதான் வேணும்."

கொப்பி

ஒவ்வொரு தலைக்கும் நான் கொப்பியிலை எழுதி வைப்பன்: எங்கை கிடந்தது, எந்த நாள், எப்பிடிச் செத்தது. அகதியா ரெண்டு நாட்டிலை விசாரணைக்கு இருந்து எழும்பினவன் நான். கடதாசியின்ரை அருமையை எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஒருநாள் வனவிலங்குக் குற்றம் பாக்கிற பொலிஸ்காரர் ஒருத்தர் கடைக்கு வந்தார். நீர்நாய்த் தலை ஏதும் விக்கிறீரோ எண்டு கேட்டார், அதுக்கு லைசன்ஸ் வேணும். இல்லையெண்டு சொல்லிக் கொப்பியை நீட்டினன். மேலோட்டமாப் பாக்கத் தொடங்கின மனுசன், பிறகு ஒவ்வொரு வரியா வாசிச்சார். பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னாலை கிடந்த தாய் நரி, மழை பெய்த நாள், பக்கத்திலை ஒரு குட்டி எண்டெல்லாம் அதிலை இருக்கு. தொப்பியைக் கழட்டிப்போட்டுத்தான் கொப்பியைத் திருப்பித் தந்தார். "மனுசர் செத்தாலே நாங்கள் இவ்வளவு விபரம் எழுதிறேல்லை."

லொறி அண்ணை

சவுத்தாலிலை இருந்து லொறி ஓடுற தமிழ் அண்ணை ஒருத்தர் மூண்டு ஞாயிறு தொடர்ந்து வந்தார். ஒண்டும் வாங்கேல்லை, மான் தலைக்கு முன்னாலை நிண்டிட்டுப் போவார். மூண்டாம் தரம் நான்தான் கதை குடுத்தன். கன வருஷத்துக்கு முதல் விடியப்புறம் லொறியாலை ஒரு மானை அடிச்சுப்போட்டாராம். சாமான் குடுக்க நேரம் போயிட்டுதெண்டு நிக்காமல் ஓடியிட்டார்.

தலையை எடுத்து அவரின்ரை கையிலை குடுத்தன். கண் இருந்த குழியைப் பெருவிரலாலை மெல்லத் தடவினார். இவ்வளவு பாரம் குறைவோ எண்டு கேட்டார். எனக்கு அவரிட்டைக் காசு கேக்க வாய் வரேல்லை, சும்மா கொண்டு போங்கோ அண்ணை எண்டிட்டன். கோட்டுக்குள்ளை வைச்சு மூடிக்கொண்டு சொன்னார், "அண்டைக்கு நான் இறங்கிப் பாத்திருக்க வேணும் தம்பி."

தொப்பிப் பெட்டி

பொங்கலுக்கு ரெண்டு நாள் இருக்க, ஃபாரஸ்ட் கேட்டிலை பார்சல் குடுக்கப் போன வீட்டிலை, தனிய இருந்த வயசான வெள்ளைக்கார அம்மா என்னை உள்ளை கூப்பிட்டா. முதல் ஒருக்கால் என்ரை தொழிலைப் பற்றி அவவுக்குச் சொல்லியிருந்தன். முதியோர் இல்லத்துக்குப் போகப் போறாவாம். பழைய தொப்பிப் பெட்டியைத் திறந்தா. உள்ளை ஒரு சிறுத்தைத் தலை. அவவின்ரை தாத்தா சிலோனிலை தேயிலைத் தோட்டத்துரையா இருக்கேக்கை சுட்டதாம். மலையையே நடுங்க வைச்ச மிருகம் எண்டு பரம்பரையாக் கதை.

எடுக்கக் கையை நீட்டிப்போட்டன். ஆனால் அரசாங்கச் சான்றிதழ் இல்லாத சிறுத்தையை அவ விக்கவும் ஏலாது, நான் வாங்கவும் ஏலாது. கடையிலை ஆக்களை இழுக்கச் சும்மா வைச்சாலே குற்றம். இனாமாக் குடுக்கலாம், வீட்டிலை வைச்சிருக்கலாம், அவ்வளவுதான். அவ ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தா. வான் ஓடிக்கொண்டு வரேக்கைதான் உறைச்சது: உலகத்திலை இதை நான் வைக்கக்கூடிய ஒரே இடம், ஒரு தலையும் இருக்கக்கூடாத என்ரை வீடு.

வசந்தா கதவைத் திறந்தா. பெட்டியைத் திறந்து காட்டினன், வாறது வரட்டும் எண்டு. அவ விறுவிறெண்டு உள்ளை போனா. துலைஞ்சன் எண்டு நினைச்சன். வேலைக்குக் கொண்டு போற கையுறையைப் போட்டுக்கொண்டு, ரோர்ச்சோடை திரும்பி வந்தா. சிறுத்தையை மேசையிலை வைச்சு, வாய்க்குள்ளை வெளிச்சம் அடிச்சா. நாலு வேட்டைப்பல்லிலை மூண்டு தேஞ்சு மொட்டை. நாலாவது முறிஞ்சு, அடியிலை தாடை எலும்பிலை சீழ் வடிஞ்ச ஓட்டை. மலையை நடுங்க வைச்சதாவது மண்ணாவது, இது கிழடாகி, கடிக்க ஏலாமல் பசியோடை திரிஞ்ச சீவன் எண்டா. எத்தினையோ தலை கழுவினவன் நான், அந்த ஓட்டை என்ரை கண்ணிலை படேல்லை. இத்தினை வருஷமாத் தொடமாட்டன் எண்டு நிண்ட மனுசி அதின்ரை நெத்தியிலை கையை வைச்சா. "பாவமப்பா, எத்தினை நாள் இந்தப் பல்லுக்கொதியோடை இருந்துதோ. இஞ்சையே இருக்கட்டும். தனிய விடாமல் மற்றதுகளையும் அந்த அறையிலையே வையுங்கோ."

ஆக, நான் விக்கிற அத்தினை தலைக்கும் வீட்டிலை இடம் எடுத்துத் தந்தது, ஒரு சதத்துக்கும் விக்க ஏலாத அந்தக் கிழட்டுத் தலைதான்.