நான்காம் சுற்றில் சவரிமுத்தர் எடுத்த பெயர்

செய்தி வந்தபோது நான் ஒரு சைக்கிள் சில்லின் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தேன். தர்மபுரத்தில் உள்ள என் திருத்தும் கொட்டிலுக்குக் காற்றடிக்க வந்த ஒருவர், பம்மைக் கையில் எடுத்தபடியே சொன்னார்: "சவரிமுத்தர் காலமை மோசம் போயிட்டாராம். நெஞ்சு நோகுதெண்டு சொன்னவராம். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டில் கட்டமுதல் முடிஞ்சுதாம்." நான் வேலையை நிறுத்தவில்லை. கம்பிகள் எல்லாவற்றையும் முறுக்கி முடித்தேன். சில்லு நேராகவில்லை. பிறகு கொட்டிலைச் சாத்தினேன்.

ஊரில் சிலர் எங்கள் இருவரையும் பகையாளிகள் என்று நினைத்திருந்தார்கள். அது சரியில்லை. எங்களுக்கிடையில் ஒரு காரியம் மூன்று வருடமாக முடியாமல் கிடந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தை நானாகவே பழகினேன். இதில் பிழை கண்டால் என் கொட்டிலுக்கு வந்து சொல்லுங்கள். சந்தையில் நின்று சொல்லாதீர்கள்.

சவரிமுத்தர் முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்தவர். சண்டையால் கரையை விட்டு இடம்பெயர்ந்து வந்த பிறகு அவருக்குக் கடலும் இல்லை, வலையும் இல்லை. பின்னேரங்களில் பாடசாலை மைதானத்துக்கு வந்துவிடுவார். நாங்கள் எல்லோரும் மைதானத்தின் நடுக்கோட்டுப் பக்கமாக உட்கார்ந்து உதைபந்தாட்டம் பார்ப்போம். அவர் மட்டும் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நிற்பார். அந்த நாளில் ஐம்பது வயதைத் தாண்டியும் நான் பந்துக் காப்பாளனாக நின்றேன். ஒருநாள் என் கால்களுக்கு நடுவால் ஒரு பந்து உள்ளே போனது. பின்னால் இருந்து அவருடைய குரல் வந்தது: "கந்தையர், இருந்து காக்கப் போறீரோ? கதிரை கொண்டரட்டே?" மைதானம் முழுக்கச் சிரித்தது. நான் திரும்பிக் கெட்ட வார்த்தை சொன்னேன். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

ஏன் அங்கே நிற்கிறீர் என்று பிறகு கேட்டேன். "பக்கத்தில இருந்தால் பந்துதான் தெரியும். இஞ்ச நிண்டால் ஆக்கள் தெரியும்" என்றார். அதை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை.

அந்த வருடம் இடம்பெயர்வில் எல்லாக் கழகங்களும் சிதறிப் போயிருந்தன. ஒரு கழகத்தின் பாதிப் பேர் மல்லாவியில், மீதிப் பேர் கண்டாவளையில். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஒரு வழி சொன்னார். விளையாட விருப்பமான நாற்பத்தெட்டுப் பேரின் பெயரையும் கரும்பலகையில் எழுதுவோம், நாலு அணியாகப் பிரிப்போம், ஒவ்வொரு அணிக்கும் இரண்டு தெரிவாளர்கள், சுற்றுச் சுற்றாக ஒவ்வொரு பெயராக எடுக்கட்டும் என்றார். எங்கள் அணிக்கு நானும் சவரிமுத்தரும். முதல் நாளே இருவரும் இருந்து யோசித்து, எந்தச் சுற்றில் யார் என்று ஒரு தாளில் எழுதினோம். நான்காம் சுற்றுக்கு நேசன் என்று எழுதியிருந்தோம். நேசன் யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணிக்கு ஆடியவர், இடது காலால் பந்தைச் சொன்ன இடத்தில் வைப்பார், சப்பாத்தும் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பின் தெரிவு நடந்தது. பெயர்ப் பட்டியலில் உள்ளவர்களும் மைதானத்தில் சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்று சுற்றும் எங்கள் தாளின்படி போனது. நான்காம் சுற்றில் வாத்தியார் எங்களைப் பார்த்தார். நேசனின் பெயர் பலகையில் அழியாமல் நின்றது. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். நான் வாயைத் திறக்க முன் சவரிமுத்தர் சொன்னார்: "மாரிமுத்து."

யாரோ சிரித்தார்கள். "பந்தை மறிக்கத் தெரியாதவன். மறிச்சால் பந்து வேலிக்கு அங்கால" என்றான் ஒருவன். மாரிமுத்து தர்மபுரத்து ஆள். தகப்பன் காலத்தில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கண்டாவளைப் பக்கம் வயல் வேலை செய்வார். அதற்கு முந்திய இரண்டு பயிற்சி ஆட்டங்களுக்கு ஆள் பிரித்தபோதும் கடைசியாக மிஞ்சியவர் அவர்தான். இந்த முறையும் கடைசியாக நின்றால் இனி மைதானத்துக்கு வரமாட்டேன் என்று அவர் யாரிடமோ சொல்லியிருந்தாராம். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்று நான் வேறு விதமாக நடந்திருப்பேன் என்று இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

கோபத்தில் நான் சவரிமுத்தரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "வயல் வேலைக்கெண்டால் இவங்களைக் கூப்பிடலாம். விளையாட்டுக்கும் இவங்களையோ?"

மாரிமுத்து பத்தடி தூரத்தில் நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. சவரிமுத்தர் பார்த்தார். வாத்தியார் பெயரை அழித்தார். அடுத்த அணி நேசனை எடுத்தது.

திரும்பும் வழியில் நான் சவரிமுத்தரோடு சண்டை பிடித்தேன். எழுதிய தாளை மீறியது துரோகம் என்றேன். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே கேட்டார்: "போன கிழமை பயிற்சி ஆட்டத்தில அந்தப் பின்வரிசைப் பெடியன் மூண்டு தரம் பந்தை வெளியால அடிச்சவன். கண்டனீரோ?"

"கண்டனான். உதவாத அடி."

"ஏன் அப்பிடி அடிச்சவன்?"

"அவனைக் கேளும்."

"மூண்டு தரமும் மாரிமுத்து அவனுக்கு முன்னால வந்திட்டான். நீங்கள் எல்லாரும் வெளியால போன பந்தைப் பாத்தியள். பந்தைத் தொடாமலே பந்தைக் கெடுக்கிறான் அவன். அப்பிடி ஒருத்தனும் அந்தப் பலகையில இல்லை."

"அவ்வளவு திறமெண்டால் முதல் சுற்றில எடுத்திருக்கலாமே!"

"முதல் சுற்றில கேட்டால் மற்றவங்கள் ஏனெண்டு யோசிப்பாங்கள். கடைசிக்கு விட்டால் ஆராவது பாவம் பாத்து எடுத்துப்போடுவாங்கள். பாவம் பாத்து எடுக்கிற ஆள் எப்பிடி ஓடுவான்? நடுவில கூப்பிட்டால்தான், தன்னை வேணுமெண்டு கூப்பிட்டதெண்டு அவனுக்கு விளங்கும்."

கொஞ்சத் தூரம் போன பின் அவரே சொன்னார்: "தாளை மீறினது என்ர பிழை. உம்மட்டைச் சொல்லிப்போட்டுச் செய்திருக்க வேணும். சொன்னால் நீர் விடமாட்டீர் எண்டு பயந்திட்டன். மன்னிச்சுக்கொள்ளும்."

போட்டிகள் தொடங்கின. நேசனை எடுத்த அணியோடுதான் எங்களுக்கு இறுதி ஆட்டம். அவர்களுடைய பின்வரிசையில் ஒரு பலசாலி இருந்தார். பந்தைக் காலில் வாங்கி, ஒரு தட்டுத் தட்டி ஒழுங்கு பண்ணி, அதன் பிறகு மைதானத்தின் மறுபாதிக்கு அனுப்புவார். அது நேரே நேசனின் காலில் விழும். அன்று அவர் அந்த ஒரு தட்டுத் தட்டுவதற்குள் மாரிமுத்து வெறுங்காலோடு முன்னால் நின்றார். பந்து வேலிக்குப் போனது. மறுபடி நின்றார். பந்து பற்றைக்குள் போனது. பாதி ஆட்டத்துக்குப் பிறகு அந்தப் பலசாலி பந்து வர முன்னரே மாரிமுத்து எங்கே என்று தேடத் தொடங்கினார். நேசனுக்குப் பந்தே வரவில்லை. கடைசியில் பலசாலி அவசரத்தில் அடித்த ஒரு பந்து எங்கள் ஆளின் காலில் விழுந்து கோலானது. ஒன்றுக்குப் பூச்சியம். என் கம்பத்தை நோக்கி அன்று மொத்தமாக இரண்டு பந்துதான் வந்தது. காப்பாளனாக நின்றவன் நான். அது யாரால் என்று எனக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

கோல் போட்டவரை எல்லோரும் தோளில் தூக்கினார்கள். சவரிமுத்தர் மாரிமுத்துவிடம் போய் அவருடைய காலைப் பார்த்தார். பெருவிரல் நகம் கழன்றிருந்தது. தன் சாரத்தின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "கந்தையர், அங்க போய் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாரும்."

"என்ன சொல்?"

"அண்டைக்கு நீர் சொன்னது பிழையெண்டு."

"நீர் தாளை மீறினதுக்கு என்ன?"

"அதுக்கு நான் உம்மட்டை மன்னிப்புக் கேட்டிட்டன். நீர் கேக்க வேண்டியது என்னட்டை இல்லை."

நான் போகவில்லை. அவர் முதலே மன்னிப்புக் கேட்டுவிட்டதால் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் மிஞ்சியிருக்கவில்லை. இருந்தும் போகவில்லை. நேசனை விட்டது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. நல்ல ஆட்டக்காரர். தாள் என்றால் தாள்தான். அதில் நான் ஒரு எழுத்தும் மாற்றமாட்டேன். ஆனால் தாளைப் பற்றிய கோபத்தை மாரிமுத்துவின் தலையில் நான் போட்டது வேறு விசயம். அவை இரண்டும் வேறென்று எனக்கு அன்றே தெரியும்.

அதன் பிறகு மாதம் ஒருமுறையாவது சவரிமுத்தர் கேட்பார். ரியூப் ஒட்ட வந்தால் கேட்பார், சங்கக்கடை வரிசையில் கேட்பார். "சொன்னீரோ?" அவ்வளவுதான். "உமக்கு வேற வேலையில்லையோ?" என்பேன். "கடலில்லாதவனுக்கு என்ன வேலை?" என்பார். மாரிமுத்துவும் என் கொட்டிலுக்கு வந்துபோவார். வேலையைச் செய்து கொடுப்பேன். அவரும் ஒன்றும் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். கடைசி ஒரு வருடம் சவரிமுத்தர் கேட்பதை விட்டுவிட்டார். வருவார், சைக்கிளைத் தருவார், மழையைப் பற்றிக் கதைப்பார், போவார். கேட்ட காலத்தைவிட அந்த வருடம்தான் எனக்கு உறுத்தியது.

அடக்கத்தன்று சேமக்காலையில் செபம் முடிந்து, மண் போட்டு, சனம் கலைந்தது. மாரிமுத்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். 

"மாரிமுத்து, பலகையடியில நான் அண்டைக்குச் சொன்னது பிழை. உம்மைப் பற்றியும் பிழை. உங்கட ஆக்களைப் பற்றியும் பிழை."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "ஆமாங்கய்யா, தப்புதாங்க. வீட்டுல யாருகிட்டயும் நான் அதச் சொல்லல. சவரிமுத்து ஐயாவுக்கு மட்டுந்தான் தெரியும், எனக்கு எம்புட்டு வலிச்சுச்சுன்னு." புதுமண்ணைக் காட்டிச் சொன்னார்: "அவரு இருக்கயில சொல்லியிருக்கலாமுங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வயல் பக்கமாகப் போனார்.

சவரிமுத்தரை அறிந்தவர்கள் ஒவ்வொருவரும் அவருடைய ஒவ்வொன்றை வைத்திருப்பீர்கள். சிலர் அவருடைய பகிடியை, சிலர் அவர் கரையைப் பற்றிச் சொன்ன கதைகளை. என்னிடம் இருப்பது அவர் கேட்பதை நிறுத்திய அந்த ஒரு வருடம். ஒவ்வொரு முறையும் சைக்கிளைத் தந்துவிட்டு, கேட்காமல், நான் நானாகச் சொல்வேன் என்று என் கொட்டில் வாசலில் அவர் நின்ற நேரம். அதை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.